"பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போகலாமே, டீச்சர்?"

(குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடநூலை விட்டு வெளியே வந்து ஏதாவது ஒரு பொருள் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள் என்று சொன்னார்கள். நான் "தொழில் உறவுகள்" என்று எழுதிக் கொடுத்தேன். பட்டியலைப் பார்த்த ஒரு நண்பர், "நமக்கு எதுக்கு மேடம் இது? எம்.பி.ஏ. பாடம் ஆச்சே" என்றார். எனக்கும் போன வருஷம் வரை அப்படித்தான் தோன்றியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவன் என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். நம் மாவட்டத்தில் பணியாற்றும் எவரும் ஒரு முறையாவது போயிருப்பீர்கள். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தவர் இங்கே வந்து ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தது, 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியது, 1925 ஜூலை 23 அன்று நாற்பது வயதில் சிவா இங்கேயே இறந்தது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். சிறையில் பெற்ற தொழுநோயோடு அவர் ஊர் ஊராக அலைந்ததைச் சொன்னபோது பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். பிறகு பேச்சோடு பேச்சாக, "வ.உ.சி.யோடு சேர்ந்து தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் நடத்தினார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன்.

அப்போதுதான் அவன் கேட்டான். "டீச்சர், கூலி பத்தலை, மில்லு பிடிக்கலைன்னா அவங்க வேற வேலைக்குப் போயிருக்கலாமே? எதுக்கு வேலைய நிறுத்திட்டு உட்காரணும்? அதுவும் சிவா அந்த மில்லுல வேலையே செய்யலையே, அவருக்கு என்ன?"

இரண்டு கேள்விகள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அது சுதந்திரப் போராட்டம்பா" என்றேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. அந்தப் பையனின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அவன் பாட்டியோடு இருக்கிறான். நம் வகுப்புகளில் இப்படி எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவன் 1908ஐப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு மாவட்ட மைய நூலகத்தில் கிடைத்ததையும், கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் என் தோழி கொடுத்ததையும் படித்தேன். அவன் கேட்ட அந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் தொழில் உறவுகள் என்ற துறையே நிற்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் கோரல் மில்லில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மில் ஹார்வி சகோதரர்களின் நிறுவனத்துடையது. நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலியை உயர்த்த வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், வேலை நிபந்தனைகளைச் சீர்செய்ய வேண்டும் என்பவை கோரிக்கைகள். வ.உ.சி.யும் சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஊர் பணம் கொடுத்தது, சாப்பாடு கொடுத்தது. நிர்வாகத்தின் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்கு முகம் மழிக்க முடிதிருத்துபவர் மறுத்த கதையை இன்றும் சொல்கிறார்கள். ஒன்பது பத்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு உயிர்கள். ஜூலையில் தீர்ப்பு: வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது.

நாம் இதை "சுதேசி இயக்கம்" என்ற தலைப்பின் கீழ் நடத்திவிடுகிறோம். கப்பல் நினைவிருக்கிறது, செக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுப்போகிறது. விடுமுறை வேண்டும் என்று கேட்டு, கேட்டதைப் பெற்ற மனிதர்களின் கதையாக நான் இதை ஒருநாளும் நடத்தியதில்லை.

இனி பையனின் முதல் கேள்வி. பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகலாமே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கோட்பாடே இருக்கிறது. உழைப்பும் மற்ற சரக்குகளைப் போல ஒரு சரக்கு. விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். விலை படியவில்லை என்றால் இருவரும் அவரவர் வழியில் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாதாரம் பெரும்பாலும் இப்படித்தான் பேசியது. சங்கம் என்பது சந்தையின் நடுவே போட்ட முட்டுக்கட்டை என்றும் சொன்னது.

மறுநாள் வகுப்பில் இதை நான் புளியை வைத்து விளக்கினேன். தர்மபுரியில் வேறு எதை வைத்து விளக்குவது? புளி அடித்துக் கொட்டை எடுத்து வைத்திருக்கிறோம். இன்றைக்கு விலை சரியில்லை. என்ன செய்வோம்? "குளிர்பதனக் கிடங்குல போட்டு வைப்போம் டீச்சர், விலை ஏறினா விப்போம்" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சரி, உங்கள் அப்பாவின் இன்றைய உழைப்பை எந்தக் கிடங்கில் போட்டு வைப்பீர்கள்? திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை என்றால் அந்தத் திங்கட்கிழமையைச் செவ்வாய்க்கிழமை விற்க முடியுமா? வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண், "முடியாது டீச்சர், அது போனது போனதுதான்" என்றாள்.

அந்தப் பெண் சொன்னதைத்தான் இங்கிலாந்தில் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் என்ற தம்பதியர் இரண்டு பெரிய புத்தகங்களில் எழுதினார்கள். 1894இல் தொழிற்சங்கங்களின் வரலாறு, 1897இல் "தொழில்துறை ஜனநாயகம்". இந்தத் துறையின் அடித்தளம் இவைதான் என்பார்கள். சைபீரியாவில் நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில் லெனின் இரண்டாவது புத்தகத்தை ரஷ்ய மொழிக்கு மாற்றினார் என்பது இடையில் ஒரு செய்தி. வெப் தம்பதியரின் வாதம் எளிமையானது. தனி ஆளாக நிற்கும் தொழிலாளியால் காத்திருக்க முடியாது, முதலாளியால் முடியும். ஆயிரம் பேரில் ஒருவர் போனால் மில்லுக்கு ஒரு துளி நஷ்டம். அந்த ஒருவருக்கோ அன்றைய சோறே நஷ்டம். எனவே சமமாகப் பேரம் பேச வேண்டுமானால் சேர்ந்துதான் பேச வேண்டும். "கூட்டுப் பேரம்" என்ற சொல்லையே 1891இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பியாட்ரிஸ்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நூறு தேங்காய் வாங்கினால் எண்ணி வாங்கலாம். எட்டு மணி நேர உழைப்பை வாங்கினால் கையில் என்ன கிடைக்கும்? நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேலை என்பது கூலி பேசும்போது முடிவாவதில்லை. அதற்குப் பிறகு தினமும், ஒவ்வொரு மணியும் முடிவாகிறது. மேஸ்திரி, சூப்பர்வைசர், டார்கெட் எல்லாம் அதற்காகத்தான். தேங்காய்க்குச் சூப்பர்வைசர் தேவையில்லை. தேங்காய்க்குக் கால் வலிக்காது, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, மேஸ்திரி திட்டினால் அவமானமும் வராது. உழைப்பை விற்பவர் உழைப்போடு சேர்ந்து தானும் போக வேண்டியிருக்கிறது. உழைப்பு ஒரு சரக்கு அல்ல என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944இல் பிலடெல்பியாவில் அறிவித்ததற்குப் பொருள் இதுதான். ஆக, கோரல் மில் தொழிலாளி வேறு வேலைக்குப் போகலாமே என்றால், போகலாம், அங்கேயும் இதே நிலைமைதான் காத்திருந்தது.

இரண்டாவது கேள்விதான் இன்னும் கூர்மையானது என்று எனக்குப் படுகிறது. மில்லில் வேலை செய்யாத சிவாவுக்கு என்ன?

இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இதை "வெளியாள் தலைமை" என்று தனியாகவே விவாதிக்கிறார்கள். சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பொதுவாக அதைச் சொல்கிறார்கள். பக்கிங்காம் கர்னாட்டிக் மில், நம் ஊர்ப் பேச்சில் பின்னி மில், அதன் தொழிலாளர்களின் சங்கம். முன்கை எடுத்தவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. இருவரும் மில் தொழிலாளிகள் அல்லர். தலைவர் பி.பி. வாடியா பிரம்மஞான சபைக்காரர். துணைத்தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. அவர் யார் என்பது நமக்குத் தெரியும். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், நம்ம ஆள்.

ஏன் எல்லாரும் வெளியாட்கள்? உள்ளே இருப்பவர் தலைமை ஏற்றால் மறுநாள் வேலை இருக்காது. படிப்பறிவும் ஆங்கிலமும் அன்றைக்குத் தொழிலாளர்களுக்குக் கிட்டாதவை. சங்கம் என்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை. வெளியாளை வேலையை விட்டு நீக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் வேறு வழியில் மடக்கலாம். 1920இல் மில் நிர்வாகம் வாடியா முதலானோர் மேல் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. கூட்டம் போட்டுப் பேசியதற்கு நஷ்டஈடு கேட்க முடியுமா என்று நாடே அதிர்ந்தது. 1921இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் நீட்சியாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்றும் சொன்னது. 2001இல் அந்த அளவு பெரிதும் குறைக்கப்பட்டது.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்று எட்டாம் வகுப்பிலிருந்து நடத்துகிறோம். நாடாளுமன்றத்திலிருந்து என்று எழுதினால் மதிப்பெண் போடுகிறோம். பெரம்பூரில் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்று புலம்பியவர்களிடமிருந்தும் ஒரு சட்டம் வந்தது. சங்கத்தின் முதல் குறைகளில் ஒன்று அதுதான், உணவு இடைவேளை. அவசர அவசரமாகச் சத்துணவை விழுங்கிவிட்டு ஓடும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரிகிறது.

இப்போது கோட்பாட்டின் அடுத்த படி. அமெரிக்கரான ஜான் டன்லப் 1958இல் "தொழில் உறவு அமைப்புகள்" என்ற நூலை எழுதினார். அவர் சொன்னதை நான் பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு பணியிடத்தில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: வேலை செய்பவர்களும் அவர்கள் அமைப்புகளும், நிர்வாகத்தினர், அரசின் முகமைகள். தொழில்நுட்பம், சந்தை, வெளியே சமூகத்தில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற மூன்று சூழல்களுக்குள் அவர்கள் இயங்குகிறார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து உற்பத்தி செய்வது விதிகளின் ஒரு வலை. எத்தனை மணிக்கு வருவது, யாருக்கு விடுப்பு, தவறுக்கு என்ன தண்டனை, கூலியை எப்படிக் கணக்கிடுவது, இந்த விதிகளை மாற்றுவதற்கே என்ன விதி. துணியும் நூலும் மட்டுமல்ல, மில்லில் விதிகளும் உற்பத்தியாகின்றன என்பது அவர் பார்வை. நம் பள்ளியில் மணி அடிப்பதிலிருந்து தற்செயல் விடுப்பு வரை எழுதிப் பாருங்கள். எவற்றை நாம் பேசி உருவாக்கினோம், எவை மேலிருந்து வந்தன, எவை யாருமே எழுதாமல் பழக்கமாக நிற்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது பட்டியல்தான் மிக நீளமாக வந்தது.

டன்லப்பின் சட்டகம் நேர்த்தியானது. அதனாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. எல்லாம் ஒழுங்காகச் சுற்றும் கடிகாரம் மாதிரி இருக்கிறது. 1908இல் கடிகாரம் ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை.

அதற்கு ஆலன் ஃபாக்ஸ் உதவுகிறார். 1966இல் பிரிட்டனில் ஒரு அரச ஆணையத்துக்காக எழுதிய கட்டுரையில், நிறுவனத்தைப் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு என்றார். ஒன்று ஒருமை நோக்கு: நிறுவனம் ஒரு குடும்பம், எல்லாருக்கும் நோக்கம் ஒன்றே, சண்டை வந்தால் அது தவறான புரிதலாலோ வெளியாள் தூண்டுதலாலோ வந்தது. இன்னொன்று பன்மை நோக்கு: நிறுவனத்துக்குள் வெவ்வேறு நலன்கள் உண்டு, மோதல் இயல்பானது, அதைப் பேசித் தீர்க்க நிரந்தரமான ஏற்பாடு வேண்டும், சங்கம் அதன் ஒரு பகுதி. பின்னாளில், 1974 வாக்கில், ஃபாக்ஸே தன் பன்மை நோக்கை விமர்சித்தார். மேசையின் இரு பக்கமும் நாற்காலி போட்டுவிட்டால் இருவரும் சமம் ஆகிவிடுவார்களா என்பது அவர் கேள்வி. ரிச்சர்ட் ஹைமன் 1975இல் மார்க்சியப் பார்வையில் ஒரு அறிமுக நூல் எழுதினார். இந்தத் துறை விதிகளைப் படிப்பதோடு நிற்கக் கூடாது, வேலையின் மீதான கட்டுப்பாடு யார் கையில் என்பதற்கான ஓயாத இழுபறியைப் படிக்க வேண்டும் என்றார்.

இந்த மூன்று நோக்குகளையும் வகுப்பில் பெயர் சொல்லாமல் செய்து பார்த்தோம். வகுப்பை மூன்றாகப் பிரித்தேன். கோரல் மில் கதையை ஒரு குழு மேலாளராகவும், ஒரு குழு இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் நடுவராகவும், ஒரு குழு தொழிலாளியாகவும் எழுத வேண்டும். மேலாளர் குழு எழுதியது: "எங்கள் தொழிலாளர்கள் நல்லவர்கள். சிவா என்பவர் வந்து கெடுத்துவிட்டார்." நான் ஃபாக்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே ஒருமை நோக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நடுவர் குழு அரை நாள் ஞாயிறு விடுமுறை என்று சமரசம் செய்தது. தொழிலாளர் குழு அதை ஏற்கவில்லை, பீரியட் முடிந்தும் சண்டை ஓயவில்லை. அடுத்த பீரியட் கணக்கு ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குடும்பம் என்ற பேச்சை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. நம் நாட்டில் அதற்கு ஒரு கண்ணியமான வடிவமும் உண்டு. பெரம்பூரில் சங்கம் பிறந்த அதே 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளர்களின் போராட்டத்தைக் காந்தி நடத்தினார். மில் உரிமையாளர்கள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் தரப்பில் அவருடைய சொந்த அக்கா அனசூயா. உடைமை என்பது சமூகத்துக்காக வைத்திருக்கும் பொறுப்பு என்ற தர்மகர்த்தா கொள்கை காந்தியுடையது. ஆனால் காந்தியும் தொழிலாளியைத் தனியாக நிற்கச் சொல்லவில்லை. நடுவர் தீர்ப்பு வேண்டும் என்றார். 1920இல் அங்கே சங்கமும் அமைந்தது.

சுதந்திர இந்தியா எந்த வழியில் போனது? 1947இன் தொழில் தகராறுகள் சட்டம், தகராறு என்றால் சமரச அலுவலர், அதற்கு மேல் தீர்ப்பாயம் என்று அரசை நடுவில் நிறுத்தியது. இதை உள்ளேயிருந்தே எதிர்த்தவர் வி.வி. கிரி. 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர், பிறகு மத்தியில் அதே துறை. இரு தரப்பும் தாமே பேசித் தீர்க்கப் பழக வேண்டும், எடுத்ததற்கெல்லாம் தீர்ப்பாயம் என்றால் இருவருமே பேசும் திறனை இழந்துவிடுவார்கள் என்பது அவர் நிலை. வங்கி ஊழியர் தொடர்பான தீர்ப்பை அரசு மாற்றியபோது 1954இல் பதவியையே விட்டார். "கிரி அணுகுமுறை" என்று இன்றும் பாடத்தில் வருகிறது. வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டால் உடனே தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புகிறோமே, அந்த நேரத்தில் எனக்குக் கிரி ஞாபகம் வருகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், முப்பத்தேழு நாட்கள். சம்பளமும் கோரிக்கைதான். ஆனால் பேச்சு திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்ற இடம் வேறு: சங்கத்தைப் பதிவு செய்வதும் ஏற்பதும். நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் வைக்கலாமா என்பதுகூட ஒரு தகராறு. அமைச்சர்கள் பேசினார்கள், அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் முடிந்தது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. தொலைக்காட்சி செய்யும் ஆலையில், 1918இல் பெரம்பூரில் கேட்ட கேள்வி. ஃபாக்ஸின் இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு அந்த மாதத்துச் செய்தித்தாள்களை வாசித்தால் நல்ல பயிற்சியாக இருக்கும்.

சரி, நாம் யார்? இந்த அறையில் இருக்கும் நாம் தொழிலாளர்களா? இதற்கு நீதிமன்றங்கள் சொன்ன பதில் விசித்திரமானது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் "தொழில்" என்பதற்கு மிக விரிவான பொருள் சொன்னது, கல்வி நிறுவனமும் அதற்குள் வந்தது. 1988இல் சுந்தராம்பாள் என்ற கோவா ஆசிரியையின் வழக்கு வந்தது. பள்ளி ஒரு தொழில், ஆனால் அதில் பாடம் நடத்தும் ஆசிரியர் தொழில் தகராறுகள் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர் என்று தீர்ப்பானது. மணி அடிப்பவர் தொழிலாளி, மணி அடித்ததும் வகுப்புக்குப் போகிறவர் அல்லர். 2003இல் நம் மாநிலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். இங்கே இருக்கும் மூத்தவர்கள் சிலர் அந்த நாட்களை நேரில் கடந்தவர்கள், அவர்கள் சொல்லக் கேட்பதே நல்லது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த விதிகளின் வலைக்குள் நாமும் இருக்கிறோம், வேடிக்கை பார்க்கும் இடத்தில் இல்லை.

கடைசியாக, நான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம். அந்தப் பையனுக்கு முன்பே என்னிடம் படித்த ஒரு பெண். சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு முடித்ததும் மேற்கு மாவட்டம் ஒன்றில் நூற்பாலைக்குப் போனாள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. இந்த ஏற்பாட்டின் பெயர் உங்களுக்குத் தெரியும். இரண்டே கால் வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தாள். மொத்தப் பணம் வரவில்லை, மூன்று வருடம் முடியவில்லையே என்று சொல்லிவிட்டார்களாம். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது, "நீங்க தொழிற்புரட்சி நடத்தினீங்க டீச்சர், ஸ்பின்னிங் ஜென்னி யார் கண்டுபிடிச்சாங்கன்னு இப்பவும் ஞாபகம் இருக்கு" என்றாள். குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஹார்க்ரீவ்ஸ் என்ற பெயரை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நூற்பாலைக்குள் போகப் போகிற ஒரு பிள்ளைக்கு, கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கவோ, சம்பளச் சீட்டு கேட்கவோ, வருங்கால வைப்பு நிதி எண் என்றால் என்ன என்றோ, தொழிலாளர் துறை அலுவலகம் என்று ஒன்று மாவட்டத்தில் இருக்கிறது என்றோ சொல்லவில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போகக் கூடாது, மேலே படிக்க வேண்டும் என்பதே நம் விருப்பம், அதற்குத்தான் வீடு வீடாக நடக்கிறோம். ஆனால் பன்னிரண்டோ பட்டமோ முடித்த பிறகும் பெரும்பாலோர் ஏதோ ஒரு வாசலில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நுழையத்தான் போகிறார்கள். ஓசூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த வருடம் கோரல் மில் பாடத்துக்கு ஒரு பீரியடுக்குப் பதில் மூன்று எடுத்துக்கொண்டேன். ஒன்று கதை, ஒன்று அந்த மூன்று குழு வேலை, ஒன்று சம்பளச் சீட்டு. சீட்டுகளைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், பெயரை மறைத்துவிட்டுப் பலகையில் எழுதினோம். அந்தப் பையன் எதையும் கொண்டுவரவில்லை. அவன் அப்பா வேலை பார்க்கும் இடத்தில் சீட்டு என்பதே கிடையாதாம், சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் எண்ணிக் கொடுப்பாராம். அன்றைக்கு அவன் வேறு ஒரு கேள்வி கேட்டான். "சீட்டே இல்லைன்னா, எங்கப்பா அங்க வேலை செஞ்சார்னு எப்படி டீச்சர் சொல்றது?"

கட்டடத் தொழிலாளர் நல வாரியம் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். அவன் அப்பா பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நூற்பாலையிலிருந்து திரும்பிய அந்தப் பெண் இப்போது பென்னாகரத்தில் தையல் வேலை பார்க்கிறாள். அவளும் அன்றைக்கு வந்து வகுப்பில் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.